தூக்குக் கயிறும் மந்திரியும்

லியோனிட் ஆண்ட்ரியேவ் எழுதி 1908-ல் வெளியான 'தூக்கிலிடப்பட்ட எழுவர்' என்ற நெடுங்கதை டால்ஸ்டாய்க்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. ஜார் ஆட்சியின் தூக்குமேடைகளைப் பற்றி எழுந்த இலக்கியத்தில் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. ஆனாலும் அதில் ஒரு குறை இருக்கிறது.

கதை ஒரு மந்திரியிடம் தொடங்குகிறது. மறுநாள் பகல் ஒரு மணிக்குத் தம்மேல் வெடிகுண்டு விழ இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. போலீஸார் அவரை வேறு வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டார்கள். இருந்தும் அவரால் தூங்க முடியவில்லை. சாவைவிடச் சாவின் நேரத்தை அறிவதுதான் கொடுமை. பிறகு ஏழு கைதிகளும் அநுபவிப்பது இதே கொடுமையைத்தான். இரு தரப்பையும் ஒரே பயத்தால் பிணைத்தது உயர்ந்த கற்பனை.

ஆனால் ஆண்ட்ரியேவின் மந்திரி பருத்த, நோயாளியான, பயந்த மனிதர். அவரை வெறுப்பது சுலபம். அன்று ருஷ்யாவை நிர்வகித்த ஸ்டோலிபின் அப்படிப்பட்டவர் அல்ல. அவர் பிரதம மந்திரியான 1906-ம் வருஷத்திலேயே அவர் வீட்டில் குண்டு வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவருடைய மகளும் மகனும் காயமுற்றார்கள். அவர் பதவியை விட்டு ஓடவில்லை. சில தினங்களில் ராணுவ அவசரக் கோர்ட்டுகள் வந்தன. வக்கீல் கிடையாது, இரண்டு நாளில் விசாரணை, அடுத்த ஒரு நாளுக்குள் தண்டனை. அதே நவம்பரில், குடியானவன் கிராமப் பொது உடைமையிலிருந்து விலகித் தன் பங்கு நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்ற உத்தரவும் வந்தது. இரண்டும் ஒரே சர்க்காரின் வேலை. 1907-ல் ரோடிச்செவ் என்ற டூமா அங்கத்தினர் தூக்குக் கயிற்றுக்கு 'ஸ்டோலிபினின் கழுத்து டை' என்று பெயர் வைத்தார். ஸ்டோலிபின் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். ரோடிச்செவ் மன்னிப்புக் கேட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த மனிதரை நாவலுக்குள் கொண்டுவரத் துணிந்தவர் ஸோல்செனிட்ஸின். 1983-ல் விரிவாக்கி வெளியிட்ட 'ஆகஸ்ட் 1914'-ல், 1911-ல் கீவ் நாடக சாலையில் ஸ்டோலிபின் சுடப்பட்டதையும், சுட்ட போக்ரோவ் போலீஸுக்கு ஒற்றனாக இருந்தவன் என்பதையும் விஸ்தாரமாகச் சொல்கிறார். ஆனால் அவருடைய ஸ்டோலிபின் கிட்டத்தட்ட அவதார புருஷர். தூக்கிலேறியவர்கள் அங்கே வெறும் எண்ணிக்கைதான். ஆண்ட்ரியேவிடம் மந்திரி சிறுத்துவிட்டார். இவரிடம் கைதிகள் மறைந்துவிட்டார்கள்.

நல்ல நோக்கமும் தைரியமும் உள்ள ஒருவர், கலங்காமல், பிறரைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறார். நாவலாசிரியன் ஆராய வேண்டிய மர்மம் இதுதான். அதற்குத் தகுதியானவர் டால்ஸ்டாய். ஸ்டோலிபினின் தகப்பனாரைக் கிரிமியப் போர்க்காலத்திலிருந்தே அறிந்தவர். நிலப் பிரச்னை பற்றி மகனுக்கும் கடிதம் எழுதியவர். ஆனால் 1908-ல் அவர் எழுதியது நாவல் அல்ல. 'மௌனமாயிருக்க முடியாது' என்ற கட்டுரை. அதன் பகுதிகளை வெளியிட்ட பத்திரிகைகளுக்கு அபராதம் விழுந்தது. தூக்கு தினசரிச் செய்தியாகிவிட்ட நாளில் எண்பது வயதை நெருங்கிய அந்தக் கிழவர் நாவலுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் செய்தது சரி. நாவலின் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.