அபராத ரசீதுக்குப் பிறகு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சாரம் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கி, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. ஓட்டுநர் உரிமமும் தற்காலிகமாகப் பறிபோகலாம். கிடாவெட்டு விருந்தில் என்றோ ஒருநாள் அளவு மீறியவருக்கு, கருவியில் ஊதிக் காட்டிய அவமானமும் நீதிமன்ற அலைச்சலுமே போதும். குடிநோயாளி, அதாவது குடியை நிறுத்தினால் கை நடுங்கி உறக்கம் கெடும் அளவுக்கு உடல் பழகிப்போனவர், வேறு வகை. நகையை அடகு வைத்து வீட்டார் அபராதம் கட்ட, அவர் ரசீதோடு வெளியே வந்து அன்று மாலையே டாஸ்மாக் வாசலில் நிற்பார்.

சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், பிணைமுறியில் விடப்படுபவர் மது உள்ளிட்ட போதைப்பொருளைத் தொடக்கூடாது என்று நிபந்தனை விதிக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. ஆனால் தொடாதே என்பது கட்டளை மட்டுமே, சிகிச்சை அன்று. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, குற்றவாளியின் ஒப்புதலோடு அவரை மருத்துவமனைக்கு அனுப்பவே வகைசெய்கிறது. 185-ஆம் பிரிவில் அப்படியொரு ஏற்பாடு இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் போன்ற ஊரில் இக்குறை இரட்டிப்பாகிறது. 2017-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையில் இருக்கிறது. பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவுதான். எனினும் குடிநோய்ச் சிகிச்சை ஒருமுறை போய்வருவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும். உரிமம் இழந்தவர் தம் இருசக்கர வண்டியையும் எடுக்க முடியாது. தண்டனையே சிகிச்சைக்கான வழியை அடைத்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக மருத்துவத்தையே ஊருக்குக் கொண்டுவரும் முறை தமிழகத்தில் சோதிக்கப்பட்டது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1989-இல் மஞ்சக்குடி கிராமத்தில் 15 நாள் முகாம் நடத்தியது. உள்ளூரிலேயே தங்கவைத்துச் சிகிச்சை தருவதும், குடும்பத்தாரை உடன் சேர்ப்பதும், பின்னும் தொடர்ந்து கவனிப்பதும் அதன் வலு. அதன் வரம்பும் தெளிவானது. குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளுக்குள் சிலருக்கு வலிப்போ சித்தப்பிரமையோ வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையோரை முன்கூட்டியே கண்டறிந்து மருத்துவமனைக்கு அனுப்பாத முகாம் தீங்கே செய்யும். மேலும், தாமாக முன்வந்தவர்களுக்கென அமைந்த முறை, நீதிமன்றம் அனுப்பியவரிடம் அதே பலனைத் தரும் என்று கொள்வதற்கில்லை.

கட்டாயம் முற்றிலும் வீண் என்பதும் சரியன்று. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 2005-இல் தொடங்கிய திட்டம், திரும்பத் திரும்பப் பிடிபட்டவர்களை நாளுக்கு இருமுறை ஊதவைத்து, தவறினால் உடனே ஓரிரு நாள் அடைத்தது. தொலைவில் வசிப்பவர்களுக்குக் கணுக்காலில் கருவி மாட்டியது. மறுகைதுகள் குறைந்ததை ஆய்வு காட்டியது. அது கண்காணிப்பே தவிர மருத்துவமன்று. அதை அன்னவாசலில் மஞ்சக்குடி முறையோடு இணைத்தால், தொடர்கவனிப்புப் பதிவேடு காவல் நிலையத்தில் இருக்குமா, சுகாதார நிலையத்தில் இருக்குமா என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். காவலரிடம் இருந்தால், மறுபடி குடித்தவர் அதைச் செவிலியரிடமும் மறைப்பார்.