ஆடியவர் புகழும் ஆட்டுவித்தவர் புகழும்

காற்பந்தாட்டத்தில் புகழ் இருவகைப்படும். ஒன்று, கண்ணெதிரே பந்தை உதைத்து வெல்லும் ஆட்டக்காரரின் புகழ். மற்றொன்று, திடலின் ஓரத்தே நின்று அவரை உருவாக்கும் பயிற்றுநரின் புகழ். முன்னது விரைந்து வந்து நெடிது நிற்கும். பின்னதோ வெற்றி தோல்விக்கேற்ப வளர்ந்து தேயும். இவ்வேறுபாட்டை எண்ணாது இருவரையும் ஒரே கோலால் அளப்பது நடுநிலையாகாது.

பினாங்கு மாநகர் விளையாட்டரங்கில் 2016ஆம் ஆண்டு பைஸ் சுப்ரி அடித்த கோல், அவருக்கு அவ்வாண்டின் புஸ்காஸ் விருதை ஈட்டித் தந்தது. அன்று பினாங்கு அணியைப் பயிற்றுவித்தவர் யாரென வினவின், நம் மாணவருள் விடை கூறுவோர் மிகச் சிலரே ஆவர்.

உருசியாவிலும் இதுவே நிலை. கோல் காவலர் லெவ் யாசினின் பெயர் உலகறிந்தது. 1964ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் அவர் ஆடிய சோவியத் அணியைப் பயிற்றுவித்தவர் கான்ஸ்டன்டின் பெஸ்கோவ். அவரும் முன்னாளில் மாஸ்கோ டைனமோவின் புகழ்பெற்ற ஆட்டக்காரரே. அணி ஸ்பெயினிடம் 1-2 எனத் தோற்றது. யாசின் புகழ் குன்றவில்லை, பெஸ்கோவோ பதவியிழந்தார்.

நம் நாட்டில் இதற்கேற்ற சான்று கே. ராஜகோபால். சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் ஆடிப் பின் பயிற்றுநரானவர் அவர். அவர்தம் இளம் அணி 2009இல் வியந்தியானில் சீ விளையாட்டுப் போட்டித் தங்கத்தை 20 ஆண்டுகளுக்குப் பின் மீட்டது. மறு ஆண்டு மலேசியா முதன்முறையாக ஆசியான் சுசுகி கிண்ணத்தை வென்றது. 2010 டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

'நம்மவர் வென்றார்' என்று நாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி இயல்பே. எனினும் அது மதிப்பீடாகாது. அக்கிண்ணப் போட்டியில் டிசம்பர் 1ஆம் நாள் இந்தோனேசியா மலேசியாவை 5-1 என வீழ்த்தியது. இருபத்தைந்தே நாளில், புக்கிட் ஜாலில் அரங்கில், அதே இந்தோனேசியாவை மலேசியா 3-0 என வென்றது. ஜக்கார்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும், மொத்தம் 4-2 எனக் கிண்ணம் கைவந்தது. பெருந்தோல்வியால் இளைஞர் மனம் உடையாவண்ணம் காத்தமையே ராஜகோபாலின் திறம். செயலையும் கருவியையும் ஆளையும் ஆய்ந்து பணியை ஒப்படைத்தல் வேண்டும் எனத் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துவார். அவ்வறிவு பல இனத்து இளைஞர் கூடிய இவ்வணியில் செயலாகி நின்றது.

2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடமும், 2012இல் ஆசியான் அரையிறுதியில் தாய்லாந்திடமும் மலேசியா தோற்றது. 2013ஆம் ஆண்டுடன் அவர் பொறுப்பும் முடிவுற்றது. இத்தோல்விகளை மறைத்துப் புகழ்வதும், இவற்றையே காட்டி அவரை மறப்பதும் ஒருசேரக் குறையுடையனவாம்.

ஆசிரியப் பணியும் இத்தகையதே. மாணவன் மேடையேறுகையில் ஆசிரியர் பெயர் அங்கு ஒலிப்பது அரிது. ஆதலின், சான்றோர் வரலாறு எழுதப் பணிக்கும் ஆசிரியர்கள், வென்றவரை மட்டுமன்றி வெல்வித்தவரையும், அவர்தம் குறைநிறைகளோடு ஆராய்ந்தெழுத மாணவரைப் பழக்குதல் வேண்டும்.