எதிரி யார் என்று கேட்காத ஆட்டம்: துப்பாக்கி விளையாட்டும் ஆடுகிறவர்களின் சொல்லாடலும்

1

பப்ஜி என்றவுடன் நம்மிடம் இரண்டு பேச்சுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று பெற்றவர்கள் பேச்சு: பையன் கெட்டுப் போகிறான், போனைப் பிடுங்கு. மற்றது எழுதுகிறவர்களும் இயக்கக்காரர்களும் பேசுவது: ஏகாதிபத்தியம், நுகர்வுக் கலாச்சாரம், வன்முறைச் சந்தை. முன்னது ஒழுக்கம் பேசுகிறது, பின்னது அரசியல் பேசுகிறது. ஆடுகிறவன் இந்த ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறான் என்று இரண்டுமே கேட்பதில்லை. எம்.ஜி.ஆர். என்ற பிம்பத்துக்கும் அடித்தட்டு மக்களுக்கும் உள்ள உறவைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு நூல் எழுதினார். அதற்குப் பிறகு சினிமா ரசிகனை 'மந்தை' என்று ஒதுக்க நமக்குக் கொஞ்சமாவது கூச்சம் வந்தது. துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவன் விஷயத்தில் அந்தக் கூச்சம் இன்னும் வந்து சேரவில்லை.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி, பாத்திரப் பட்டறைத் திண்ணைகளில், காவிரிப் பாலம் தாண்டி ஆடவர் கல்லூரிக்குப் போகும் வழியில், நாலு பேர் தலையைக் குனிந்து ஒரே சமயத்தில் கத்துவதை யாரும் பார்த்திருக்கலாம். சில வருடங்களாக நான் இவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆட்டம் எப்படி? பதில்களை அடுக்கிப் பார்க்கும்போது ஒரு விஷயம் துலங்குகிறது. கொலையைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை. ரத்தம், துப்பாக்கி, சாவு இதெல்லாம் அவர்கள் கருத்தில் வராத பொருள்கள். அவர்கள் பேசுவது நியாயத்தைப் பற்றி.

"பிங் ஏறுதுண்ணே" என்பதுதான் முதல் புகார். நாம் விரலை அழுத்திய செய்தி எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங். அது மில்லி விநாடிக் கணக்கு. நகரத்தில் நல்ல இணைப்பு உள்ளவனுக்கு நாற்பது என்றால் திருப்பனந்தாள் பக்கத்துப் பையனுக்கு நூற்றைம்பது. "நான் சுட்டது அவனுக்குப் போய்ச் சேரல, அவன் சுட்டது எனக்குத் தெரியறதுக்குள்ள நான் காலி. கடைமடைக்குத் தண்ணி வர்ற மாதிரிதான்" என்றான் ஒருவன். டெல்டாக்காரனுக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை. மேட்டூர் எல்லோருக்கும்தான் திறக்கிறது. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் நட்டு முடித்த பிறகுதான் கடைசியில் இருப்பவன் வயலில் ஈரம் படுகிறது.

அடுத்த புகார் போன். ஃப்ரீ ஃபயர் குறைந்த விலை போனிலும் ஓடும்படி செய்யப்பட்ட ஆட்டம். ஐம்பது பேர் இறங்குவார்கள், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பப்ஜியில் நூறு பேர், கனமான ஆட்டம், நல்ல போன் வேண்டும். ஆகவே 'நீ ஃப்ரீ ஃபயரா?' என்ற கேள்விக்குள் 'உங்கப்பன் என்ன வேலை?' என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. பப்ஜிக்காரன் அடிக்கும் நக்கலில் வர்க்கம் அப்பட்டமாகப் பேசுகிறது. ஃப்ரீ ஃபயர்க்காரன் சும்மா இருப்பதில்லை: "காஸ்ட்லி போன் வச்சு ஆடுறது ஒரு ஆட்டமா?" ஆனால் அவன் ஆட்டத்திலேயே காசு கொடுத்து வாங்கும் சில துப்பாக்கி உறைகள் துப்பாக்கியின் வலுவையும் கூட்டிவிடுகின்றன. பப்ஜியில் உறை வெறும் அலங்காரம். எது நேர்மையான ஆட்டம் என்று இவர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். பணம் திறமைக்குள் எந்த இடத்தில் நுழையலாம், எந்த இடத்தில் நுழையக்கூடாது என்பது அரசியல் பொருளாதாரத்தின் கேள்விதானே. அதைத் திண்ணையில் உட்கார்ந்து, யாரும் பாடம் எடுக்காமல் கேட்கிறார்கள்.

2

அரசும் இந்த ஆட்டத்தை வாசித்தது. அதன் வாசிப்பையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொள்வோம். கல்வானில் இருபது இந்தியச் சிப்பாய்கள் இறந்த 2020 ஜூன் மாதத்துக்குப் பிறகு, செப்டம்பர் 2ஆம் தேதி 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. அதில் பப்ஜியும் ஒன்று. காரணம் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு. பிள்ளைகள் கொல்லப் பழகுகிறார்கள் என்ற கவலை அந்தப் பட்டியலில் இல்லை. தென் கொரிய நிறுவனத்தின் ஆட்டத்தை இங்கே நடத்தியது சீன நிறுவனம், அதுதான் பிரச்சினை. 2021 ஜூலையில் கொரிய நிறுவனமே நேரடியாக வந்தபோது அதே தீவு, அதே நூறு பேர், அதே துப்பாக்கி. பெயர் மட்டும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்று ஆனது. 2022 ஜூலையில் அதையும் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம் திரும்ப விட்டார்கள்.

திரும்பி வந்த ஆட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் சுவாரஸ்யமானவை. ரத்தம் பச்சையானது. பதினெட்டு வயதுக்குக் கீழ் நாளுக்கு மூன்று மணி நேரம்தான். 'இது கற்பனை உலகம்' என்று ஓர் அறிவிப்பு. 'கில்' என்ற சொல்லை நீக்கி 'ஃபினிஷ்' என்று மாற்றினார்கள். மாற்றியவர்களுக்குத் தமிழ் தெரியாது போலும். நம்மூரில் 'ஆளை முடிச்சிட்டாங்க' என்றால் என்ன அர்த்தம்? கொலை என்பது போலீஸ் எழுதும் சொல். முடிப்பது என்பது செய்தவன் சொல்லும் சொல். மென்மையாக்குகிறேன் என்று போன தணிக்கை, ஆங்கிலத்தில் இருந்த விளையாட்டுச் சொல்லைத் தமிழில் நிஜமான ரவுடிச் சொல்லாக்கி விட்டுவிட்டது. பையன்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதிகாரம் மொழியைச் சுத்தம் செய்யப் புகும்போதெல்லாம் இப்படித்தான் ஏதாவது ஓர் ஓரத்தில் அழுக்கு கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது.

3

இப்போது எதிரி பற்றி. நம் இலக்கணத்தில் இடம் மூன்று: தன்மை, முன்னிலை, படர்க்கை. இந்த வகை ஆட்டங்களின் பெயரிலேயே 'முதல் நபர்' இருக்கிறது. திரையில் உன் முகம் தெரியாது, உடம்பு தெரியாது. இரண்டு கையும் ஒரு துப்பாக்கியும் தெரியும். தன்மை என்பது ஒரு துப்பாக்கியின் பின்பக்கமாகச் சுருங்கிப் போகிறது. (பப்ஜியில் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கவும் வழி உண்டு, கறாரான ஆட்டக்காரர்கள் 'முதல் நபர்' பார்வைதான் நேர்மை என்பார்கள்.) எதிரில் இருப்பவன் 'நீ' ஆவதே இல்லை. அவன் எப்போதும் 'அவன்'. இப்படிக் கட்டப்படும் தன்னிலைக்கு எதிரியை யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?

1999இல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் இரண்டு அணிகளைத் தந்தது: பயங்கரவாதிகள், பயங்கரவாத எதிர்ப்புப் படையினர். அதில் எந்த அணியிலும் ஆடலாம், மாறி மாறி ஆடலாம். 2002 ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவமே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற ஆட்டத்தை ஆள்சேர்ப்புக்காக இலவசமாக வெளியிட்டது. அதன் சூட்சுமம் பயங்கரமானது. இரண்டு அணியில் எதில் இருந்தாலும் உன் திரையில் நீயும் உன் தோழர்களும் அமெரிக்கச் சிப்பாய்கள், எதிரணி மட்டும் எதிரிப்படை. அவர்கள் திரையில் அவர்கள் சிப்பாய்கள், நீ எதிரிப்படை. யாருமே தன்னை எதிரியாகப் பார்க்க முடியாது, எல்லோரும் யாரோ ஒருவன் கண்ணில் எதிரி. அதே 2002இல்தான் இங்கே பொடா சட்டம் வந்தது. பயங்கரவாதி என்பது ஒருவன் மேல் இன்னொருவன் மாட்டும் சட்டை என்பதை, தடாவையும் பொடாவையும் ஈழத்தையும் பார்த்த தமிழ் வாசகனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராணுவம் அதை நிரலாகவே எழுதிக் காட்டியது. அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்துக்குள் 2006இல் ஜோசப் டிலாப் என்ற கலைஞர் நுழைந்தார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இராக்கில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். ஆடியவர்கள் என்ன செய்தார்கள்? சுட்டார்கள், வெளியே தள்ளினார்கள், ஆட்டத்தைக் கெடுக்காதே என்றார்கள். ஆடுகிறவர்களின் நியாய உணர்வுக்கு எல்லை எது என்பது இங்கே தெரிகிறது. விதியை மீறுகிறவனை அது தண்டிக்கும். விதிக்கு வெளியே நிஜமாகச் செத்தவனின் பெயர் வந்தால் அதற்கும் அதே தண்டனைதான். நம் மரபில் போரில் செத்தவனுக்கு நடுகல் நட்டார்கள், யார், எந்த ஊர், எதற்காகச் செத்தான் என்று பொறித்தார்கள். பப்ஜியில் செத்தவன் ஒரு பெட்டியாகிறான். திறந்து குண்டும் மருந்தும் எடுத்துக்கொண்டு போகலாம். பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது வழக்கமான 'வன்முறைச் சந்தை' கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் அடுத்து நடந்தது வேறு. பப்ஜி தடையான இரண்டாம் நாள் அக்ஷய் குமார் ஓர் அறிவிப்புச் செய்தார்: ஃபௌ-ஜி என்ற இந்திய ஆட்டம் வருகிறது, நிகர வருமானத்தில் இருபது சதம் வீரர்களின் குடும்ப நிதிக்கு. 2021 குடியரசு தினத்தன்று அது வந்தது. களம் கல்வான். எதிரி யார் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தேசபக்தியில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் உண்டு. ஆனால் சில நாட்களிலேயே ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்து மதிப்பீடு சரிந்தது. துப்பாக்கி இல்லை, கையாலும் கட்டையாலும் அடிக்க வேண்டும் என்று குறை சொன்னார்கள். கும்பகோணத்துப் பையன்கள் என்னிடம் சொன்ன குறை வேறு: "தனியா ஆடணும்ணே. மாப்ள யாரும் வர முடியாது. அப்புறம் என்னத்துக்கு?" வந்த புதிதில் அதில் ஒற்றை ஆள் கதை மட்டும்தான் இருந்தது.

இந்த ஒரு வாக்கியத்தை நம் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தேசம் ஓர் எதிரியைக் கொடுத்தது. அவர்கள் கேட்டது எதிரியை அல்ல, கூட்டாளியை. நூறு பேர் இறங்கி ஒருவன் மிஞ்சும் ஆட்டத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததே அதில் நாலு பேராக இறங்க முடியும் என்பதால்தான். "நூறு பேர் எறங்குறோம், குரூப் ஃபோர் பரீட்சை மாதிரி. ஆனா பரீட்சையில மாப்ளய கூட்டிட்டுப் போக முடியாதே" என்றான் ஒருவன். குண்டடி பட்டு விழுந்தவன் தவழ்ந்துகொண்டிருப்பான். கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து சுமார் பத்து விநாடி கொடுத்தால் எழுந்துவிடுவான். அந்தப் பத்து விநாடியில் கூட்டாளியும் சாகலாம். இவர்கள் வாயில் வரும் மிகக் கடுமையான வசவு நிறைய பேரைக் கொன்றவனுக்கு அல்ல. "தூக்கி விடாம ஓடிட்டான்" என்பவனுக்குத்தான். அங்கே திரும்பவும் முன்னிலை பிறக்கிறது: டேய், மாப்ள, நீ எங்கடா இருக்க?

4

இதைக் கொண்டாடிவிட்டுப் போய்விடலாம். அதுவும் சோம்பேறித்தனம். அந்த நாலு பேர் யார்?

ஊர் பெயரையும் தெருப் பெயரையும் சொன்னாலே சாதி தெரிந்துபோகும் டெல்டாவில், இரண்டையும் கேட்காமல் ஒரு குழுவில் சேர முடிகிற இடம் அபூர்வம். சூட்டிக்கொண்ட பெயரோடு இறங்கலாம், குரல் மட்டும் போதும். சேரிப் பையனும் ஊர்த்தெருப் பையனும் ஒருவனை ஒருவன் தூக்கி விட்டிருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். சூட்டிக்கொள்ளும் அந்தப் பெயரிலேயே சாதிப் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. ஐடிக்குள் கட்டிய கயிற்றை எந்தக் குழு அவிழ்க்கும்?

பெண்கள் விஷயம் இன்னும் வெளிப்படை. ஆட்டத்தை யூடியூபில் ஒளிபரப்பியபடி பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 'பப்ஜி மதன்' 2021 ஜூனில் தருமபுரியில் கைதானபோது, "கேம்ல கோவத்துல அப்படித்தாண்ணே வரும்" என்று வக்காலத்து வாங்கிய குரல்களை நானே கேட்டேன். பிங்குக்கு மில்லி விநாடிக் கணக்கில் நியாயம் கேட்கிறவர்கள் இவர்கள். கல்லூரி மாணவி ஒருத்தி சொன்ன கருத்தை அவர்களுடைய எல்லாக் கருத்துக்கும் எதிரே வைக்கிறேன்: "மைக் ஆஃப்ல இருந்தா நான் நல்ல பிளேயர். ஆன் பண்ணா பொண்ணு." குரல்தான் கூட்டாளியாக்குகிறது என்றேன். அவளுக்குக் குரல்தான் வெளியேற்றுகிறது. தோழமையின் விலையாக மௌனத்தைக் கேட்கும் குழுக்கள் நம் இயக்கங்களிலும் உண்டு என்பதால், பையன்களைப் பார்த்து மட்டும் விரல் நீட்ட எனக்கு மனமில்லை.

2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்துவதைக் குற்றமாக்கி, இ-ஸ்போர்ட்ஸை வளர்க்க வேண்டிய விளையாட்டு என்றது. இனி இந்தப் பையன்கள் கெட்டுப் போனவர்கள் இல்லை, போட்டியாளர்கள். 2025 ஜனவரியில் ஃபௌ-ஜியும் பலர் சேர்ந்து ஆடும் முதல் நபர் துப்பாக்கி ஆட்டமாக மறுபடி வந்துவிட்டது. மாப்ளயையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார்கள். கூட்டாளிக்கான ஏக்கம் எங்கே இருக்கிறது என்பதைச் சந்தை கண்டுபிடித்துவிட்டது. நாம்தான் இன்னும் 'பப்ஜித் தலைமுறை' என்று தலையங்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"கேம்ல எவனாவது ஏமாத்துனா ரிப்போர்ட் அடிக்க ஒரு பட்டன் இருக்கு. பட்டறையில கூலி குறைச்சா எங்க அடிக்கிறது?" என்று நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் பையன் கேட்டான். எங்கே என்று சொல்ல வேண்டிய சங்கம் அவன் தெருவில் இல்லை. இருக்கிற சங்கங்களில் அவனிடம் கருத்துக் கேட்கும் வழக்கமும் இல்லை. தடையை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற விவாதத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு அவனையும் அவன் குழுவில் மைக்கை அணைத்து வைத்திருப்பவளையும் அழைக்கலாம். பேசச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் நாம் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும்.