உண்மையான மழை மட்டும்

தேய்ந்த பிரதியில் பழைய படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் காட்சியிலும் திரையில் மழை பெய்யும். விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தை முதன்முதலில் அப்படித்தான் பார்த்தேன். இப்போது செப்பனிட்ட புளூ-ரே வட்டில் பார்க்கையில், கீறல் மழை ஓய்ந்துவிட்டது. ரோம் நகரத்து போர்ட்டா போர்த்தேசே சந்தையில் பெய்கிற மழை மட்டும் பெய்கிறது. சிறுவன் புரூனோ வழுக்கி விழுந்து எழும்போது, நனைந்த துணியின் கனம்கூடத் தெரிகிறது. அடகுக் கடையில் படுக்கை விரிப்பு மூட்டையோடு ஊழியர் மேலே மேலே ஏறுகிறார். முன்பு சாம்பல் நிறச் சுவராகத் தெரிந்தது, இன்று தனித்தனி மூட்டைகள், தனித்தனி முடிச்சுகள். உணவகத்தில் புரூனோ கடித்து இழுக்க, பாலாடைக்கட்டி இழை இழையாக நீள்கிறது.

நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால், இந்த ஒன்றரை மணி நேரப் படத்தில் 1,20,000-க்கும் மேல். அத்தனையிலும் தூசி தட்டி, கீறல் ஆற்றிய கைகளை நினைத்துக்கொள்கிறேன். எங்கே நிறுத்துவது என்று அறிவதுதான் பெரிய பொறுமை. படச்சுருளுக்கே உரிய பொடிமணிகளையும் சேர்த்துத் துடைத்திருந்தால் முகங்கள் மெழுகாகியிருக்கும். இங்கே அந்தப் பொடிமணிகள் மெல்ல நடுங்கியபடி அப்படியே இருக்கின்றன. கடைசியில் கண்ணீரோடு நடக்கும் அப்பாவின் கையைப் புரூனோ பற்றுகிறான். அந்தச் சின்ன விரல்களின் இறுக்கம் இந்த முறை தெளிவாகத் தெரிந்தது.