பன்றி இதயத்தில் ஒளிந்திருந்த வைரஸ்

2022ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், டேவிட் பென்னெட் என்ற 57 வயது நோயாளிக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. செய்தித்தாள்கள் அதைப் பெருவெற்றி என்று கொண்டாடின. மார்ச் 8ஆம் நாள் அவர் இறந்தார். மே மாதத்தில், பன்றியின் வைரஸே அவரைக் கொன்றது என்று பலர் எழுதத் தொடங்கினர். இரண்டுமே அவசர முடிவுகள். அறுவை செய்த பார்ட்லி கிரிஃபித், முகம்மது முகைதீன் ஆகியோரின் குழு 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழிலும், 2023இல் லான்செட் இதழிலும் வெளியிட்ட கட்டுரைகளைச் சேர்த்துப் படித்தால் நிலைமை இவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

அந்தப் பன்றியின் 10 ஜீன்கள் மாற்றப்பட்டிருந்தன. மனித உடல் அதன் இதயத்தை உடனே நிராகரித்துவிடாமல் தடுப்பதே முதன்மையான நோக்கம். அது பலித்தது. பல வாரங்கள் இதயம் நன்றாகவே இயங்கியது. 49ஆம் நாளில் அதன் சுவர்கள் திடீரெனத் தடித்து விறைத்தன. இதயம் ஒரு பம்பு அன்றோ? சுருங்கி இரத்தத்தை வெளியேற்றுவது அதன் வேலையில் பாதிதான். தளர்ந்து விரிந்து நிரம்புவது மறு பாதி. விறைத்த பம்பு நிரம்பாது. இறந்தபின் ஆராய்ந்தபோது இதயத்தின் எடை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. ஆனால் வழக்கமான நிராகரிப்பின் அடையாளங்கள் காணப்படவில்லை.

இனி வைரசுக்கு வருவோம். பன்றி சைட்டோமெகாலோ வைரஸ் என்பது இதன் பெயர். பெயர்தான் அப்படி, உறவுமுறையில் இது மனிதரைத் தாக்கும் 6ஆம், 7ஆம் ஹெர்ப்பீஸ் வைரஸ்களுக்கே நெருக்கமானது. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தூங்கும். மாற்று உறுப்பு பெற்றவருக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் தரப்படுவதால், அவை விழித்தெழ வழி பிறக்கிறது. மனித இதயம் பெற்றவர்களிடமும் மனித சைட்டோமெகாலோ வைரஸ் இவ்வாறு எழுந்து தொல்லை தருவது மருத்துவர்கள் நன்கறிந்ததே.

பன்றியின் மூக்குச் சளியைச் சோதித்துத்தான் அதில் வைரஸ் இல்லை என்று முடிவு செய்திருந்தார்கள். என் முதன்மையான குறை இங்கேதான். கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை என்பதால் மின்னோட்டமே இல்லை என்று எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. உறங்கும் வைரஸ் மூக்கில் தென்படாமல் திசுக்களில் இருக்கலாம். இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்று பார்ப்பதே ஏற்ற சோதனை. இது பிறகு தெரிந்த செய்தியும் அன்று. இந்த வைரஸ் இருந்த பன்றி இதயங்கள் பபூன் குரங்குகளில் சில வாரங்களே உழைத்தன என்றும், வைரஸ் இல்லாதவற்றுள் ஒன்று 195 நாள் வரை உழைத்தது என்றும் ஜெர்மன் ஆய்வாளர்கள் 2020லேயே அச்சிட்டிருந்தனர். குட்டிகளைத் தாயிடமிருந்து விரைவில் பிரித்து வளர்த்தால் வைரசை ஒழிக்கலாம் என்பதும் அறிந்ததே. ஆக, காவல் தொடங்க வேண்டிய இடம் பன்றிப் பண்ணை.

ஆயினும் கொன்றது வைரஸ் ஒன்றுதான் என்று சொல்ல இக்கட்டுரைகள் இடம் தரவில்லை. அது மனித உயிரணுக்களைத் தொற்றியதற்குச் சான்று கிட்டவில்லை. மேலும், நோயாளிக்குத் தொற்று ஏற்பட்டதெனக் கருதி, பலருடைய இரத்தத்திலிருந்து திரட்டிய எதிர்ப்பொருள்களை ஏற்றியிருந்தனர். அவற்றில் பன்றி உயிரணுக்களைத் தாக்குபவையும் இருந்தன! அறுவைக்கு முன்பே அவர் மிக நலிந்திருந்தார். லான்செட் கட்டுரை இவற்றையெல்லாம் ஒளிக்காமல் எடுத்துவைக்கிறது. தம் தோல்வியை இவ்வளவு விரிவாக அச்சிட்டதற்கு ஆசிரியர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரே நோயாளியில் இத்தனை காரணிகள் ஒருங்கே செயல்பட்டிருக்க, எதற்கு எவ்வளவு பங்கு என்று அந்தத் தரவுகளிலிருந்து பிரித்தறிய முடியாது. இந்தப் பகுதியை மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 20இல் அதே குழு இரண்டாவது நோயாளிக்குப் பன்றி இதயம் பொருத்தியது. இம்முறை வைரஸ் சோதனைகள் கடுமையாக்கப்பட்டிருந்தன. அவர் அக்டோபர் 30இல் இறந்தார். அந்த இதயத்தில் நிராகரிப்பின் அடையாளங்கள் தோன்றியிருந்தன.