முகப்பூச்சும் வரிக் கணக்கும்

பீட்டர் வியரின் 'கிரீன் கார்டு' (1990) மறுபடி பார்த்தேன். ஃப்ரெஞ்சுக்காரர் தெபார்திவுக்கு அமெரிக்காவில் தங்க அனுமதி வேணும். ஆண்டி மெக்டவலுக்குக் கண்ணாடித் தோட்டம் வைத்த ஃப்ளாட் வேணும். அதைத் தம்பதிக்குத்தான் தருவார்களாம். பேருக்கு ஒரு கல்யாணம். விசாரணையில், மனைவி பூசும் க்ரீமின் பெயர் தெரியாமல் மனுஷன் மாட்டிக்கொள்ளும் இடம் அபாரம்.

ஆனால், படம் பரிசோதிப்பது காதலை மட்டும், சம்பளத்தை அல்ல. வியரைக் குறை சொல்ல முடியாது. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஐ-864 பத்திரம் 1997 டிசம்பரில்தான் வந்தது. கணவனையோ மனைவியையோ ஸ்பான்சர் பண்ணுகிறவர் வறுமைக் கோட்டைப் போல் ஒண்ணேகால் மடங்கு வருமானம் காட்டணும். 2025 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு வருஷம் 26,437 டாலர். போதாவிட்டால் சொத்தைக் காட்டலாம், இன்னொருவரைக் கூடக் கையெழுத்துப் போடச் சொல்லலாம் (நம்மூர் ஜாமீன் மாதிரி). வயிற்றைக் கலக்கும் ஷரத்து ஒன்று உண்டு: விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு தீராது. வந்தவர் குடியுரிமை வாங்கணும், சுமார் பத்து வருஷ வேலைக் கணக்கு சேரணும், அல்லது நாட்டை விட்டோ உலகத்தை விட்டோ போகணும். கல்யாணத்தைவிடக் கெட்டியான கையெழுத்து!

படக் கடைசியில் இருவரும் நிஜமாகவே காதலித்து மோதிரம் மாற்றிக்கொள்ள, அவரை நாடு கடத்துகிறார்கள். இன்றைக்கு எடுத்தால், அடுத்த ஸீனில் மெக்டவல் போன வருஷ வரிக் கணக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.