சிவப்பணுக்களை உடைக்கும் கரைசல்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளையணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். ரத்தப் புற்றுநோயின் வகையைக் கண்டறியவும், எச்.ஐ.வி. உள்ளவரின் சிடி4 செல்களை எண்ணவும், டிஎன்ஏ பிரிக்கவும் அந்தச் சில ஆயிரம் செல்கள்தான் வேண்டும். மற்றதெல்லாம் இடைஞ்சல். அதை நீக்க ஆய்வகங்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது, சிவப்பணுக்களை உடைத்துவிடுவது. உடைக்கும் கரைசலுக்கு லைசிஸ் பஃபர் என்று பெயர். பரிசோதனை தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டிய எடுபிடி வேலையாகவே பலரும் இதைக் கருதுகிறார்கள். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பரிசோதனை முடிவில் ஏற்படும் பிழைகளில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன.

கரைசலில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. லிட்டருக்கு 8 கிராம் சொச்சம் அம்மோனியம் குளோரைடு, 1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், துளி ஈடிடிஏ. உப்பின் செறிவு ரத்தத்துக்கு நிகராகவே இருப்பதால், செல் உடனே வெடிப்பதில்லை. அம்மோனியா வாயு செல்லின் சவ்வைத் தடையின்றிக் கடந்து உள்ளே போய் மறுபடி அம்மோனியம் ஆகிறது. கார்பன் டை ஆக்சைடும் உள்ளே போகிறது. சிவப்பணுவில் நிறைந்திருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி அதைப் பைகார்பனேட்டாக மாற்ற, சவ்விலுள்ள ஒரு புரதம் அந்தப் பைகார்பனேட்டை வெளியேற்றிக் குளோரைடை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உப்பு சேரச் சேர நீரும் புகுந்து செல் உப்பி உடைகிறது. இதில் அந்த நொதியின் பங்கை ஜேக்கப்ஸ், ஸ்டுவர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1942-லேயே விளக்கினார்கள். வெள்ளையணுக்களில் இந்த ஏற்பாடு வலுவாக இல்லாததால் அவை மெதுவாகத்தான் உப்புகின்றன. மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கரைசல் சிவப்பணுவை அடையாளம் கண்டு தாக்குவதில்லை, அதை முதலில் உடைக்கிறது, அவ்வளவுதான். குழாயை மறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் அடுத்து வெள்ளையணுக்களின் முறை.

100 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2 மில்லி கரைசலை விட்டுப் பார்த்தால் முதலில் குழாய் கலங்கிய சிவப்பாக இருக்கும். பின்னால் எழுத்துள்ள தாளைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சில நிமிடங்களில் கலங்கல் சட்டென்று விலகி எழுத்துகள் தெரியத் தொடங்கும். ஹீமோகுளோபின் கரைந்து கிடப்பதால் நிறம் மட்டும் அப்படியே இருக்கும். அந்தக் கணத்தில் அடுத்த படிக்குப் போக வேண்டும். சென்ட்ரிபியூஜில் சுற்றி மேல்நீரைக் கொட்டினால் அடியில் வெளிறிய சிறு படிவு மிஞ்சும். அது சிவப்பாக இருந்தால் இன்னொரு முறை கரைசல் விடுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் வெள்ளையணுக்கள் கொஞ்சம் பாதிக்கப்படுகின்றன, கொஞ்சம் மேல்நீரோடு போய்விடுகின்றன.

இந்த முறையின் பலம் மலிவும் வேகமும் மட்டுமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, 1968-ல் பாயும் என்ற ஆய்வாளர் விவரித்த அடர்த்திப் படிநிலை முறையில் 1.077 அடர்த்தியுள்ள திரவத்தின்மேல் ரத்தத்தை விட்டுச் சுற்றுவார்கள். லிம்போசைட்டு, மோனோசைட்டு வகை வெள்ளையணுக்கள் சுத்தமாகக் கிடைக்கும். நியூட்ரோஃபில்களோ சிவப்பணுக்களோடு சேர்ந்து அடிக்குப் போய்விடும். சிவப்பணுக்களை உடைத்தால் எல்லா வகை வெள்ளையணுக்களும் ஒரே குழாயில் இருக்கும். லுக்கீமியா நோயாளியிடம் எந்த வகை எவ்வளவு விழுக்காடு என்று பார்ப்பதற்கு இதுவே சரியான வழி. டிஎன்ஏ எடுப்பவர்களுக்கும் இது உதவுகிறது. ஹீமோகுளோபினிலுள்ள ஹீம், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும் என்பதால் அதை முன்கூட்டியே கழுவி நீக்குவது நல்லது.

குறைக்கு வருவோம். 99 விழுக்காடு சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்றால் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் 50 லட்சத்தில் ஒரு விழுக்காடு 50,000. ஆரோக்கியமானவரின் 7,000 வெள்ளையணுக்களைப் போல ஏழு மடங்கு! எஞ்சிய சிவப்பணுக்களும் உடைந்த துண்டுகளும், செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் திரையில் லிம்போசைட்டுகளின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். திரையில் கட்டத்தை எங்கே வரைவது என்பது அப்போது பரிசோதகரின் ஊகமாகிவிடுகிறது.

இதைவிடக் கவலை தருவது, எல்லார் ரத்தமும் ஒரே மாதிரி உடையாது என்பது. பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் குறைவு. தலசீமியா, அரிவாள் செல் நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்களும் எளிதில் உடைவதில்லை. உட்கருவுள்ள இளம் சிவப்பணுக்கள் உடைந்தாலும் உட்கரு மிஞ்சும். தானியங்கிக் கருவிகள் இவற்றை வெள்ளையணு என்று எண்ணிவிடுவதுண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் தன்மை இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. அந்த மலையிலிருந்து வரும் குழாயையும் சமவெளிக் குழாயையும் ஒரே நேரக்கணக்கில் கையாள்வது சரியல்ல. நோயின் காரணமாக ஆய்வகத்துக்கு வருபவரிடமே முறை தடுமாறுகிறது என்பதுதான் இதன் ஆகப்பெரிய பலவீனம்.

எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிடி4 நல்ல சான்று. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் தேதி எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இலவச ஏஆர்டி சிகிச்சை தொடங்கியபோது தாம்பரமும் முதல் மையங்களில் ஒன்று. மைக்ரோலிட்டருக்கு 200 சிடி4 செல்கள் என்பதுதான் அப்போது சிகிச்சைக்கான முக்கிய எல்லைக்கோடு. உடையாத சிவப்பணுக்கள் வெள்ளையணுக் கணக்கை உயர்த்தினால், அதை வைத்துக் கணக்கிடும் சிடி4 எண்ணும் உயரும், மருந்து தள்ளிப்போகும். இன்று சிகிச்சை தொடங்க அந்த எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையிலோ செல் எண்ணிக்கைக்காக இன்னும் காத்திருக்கிறார்கள். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் சிடி34 என்ற அடையாளப் புரதம் கொண்ட ஸ்டெம் செல்கள் குறைந்தது 20 லட்சம் வேண்டும் என்பது பரவலான அளவுகோல். அவற்றை எண்ண 1996-ல் வெளியான இஷேஜ் அமைப்பின் வழிகாட்டுதலை ஒட்டி இன்று செய்யும் முறையில் அம்மோனியம் குளோரைடு உண்டு, கழுவுதல் இல்லை. கழுவினால் செல் போகும். ஃபார்மால்டிஹைடு கலந்த கரைசலும் அங்கே உதவாது. உயிருள்ள செல் எது, செத்தது எது என்று அப்புறம் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆக, விழுக்காடு மட்டும் வேண்டுமென்றால் உடைத்துக் கழுவலாம், தயங்க வேண்டியதில்லை. மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் உடைக்கலாம், கழுவக் கூடாது. எளிதில் உடையாத ரத்தம் என்று தெரிந்தால், சிடி45 ஒளிர்சாயத்தை வைத்து வெள்ளையணுவை மட்டும் கருவி கவனிக்கும்படி செய்து உடைக்காமலே எண்ணுவது மேல். ஆனால் அதற்கு ரத்தத்தை நன்றாக நீர்க்கச் செய்ய வேண்டும், நேரமும் கூடும்.

ஆய்வகப் பொறுப்பாளர்களிடம் கேட்க ஒன்று உண்டு. எந்தக் கரைசல், எத்தனை நிமிடம், கழுவியதா இல்லையா என்ற மூன்றையும் அறிக்கையில் எழுதுங்கள். கரைசல் புட்டியைத் திறந்த தேதியையும் ஒட்டுங்கள். பைகார்பனேட் உள்ள கரைசல் திறந்துவைத்தால் கார்பன் டை ஆக்சைடை இழந்து காரத்தன்மை ஏறும். பச்சிளங்குழந்தையின் வெள்ளையணு எண்ணிக்கை எதிர்பாராமல் கூடியிருந்தால், முடிவை அனுப்பும் முன் ஒரு ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள்.